பத்துச் சதுர மீற்றர்

மாங்குளம் சந்தியிலிருந்து உள்ளே,
தகரக் கூரை விடுதி. ஏழு மணிக்கு மேல்
எங்கள் கைகளுக்கு வேலை இல்லை.
மதுரகனின் பழைய கொம்பியூட்டரில்
பதினொரு வருசத்துக்கு முந்தின உதைபந்து.
ஓடுகிற விசையில் எழுத்து அழிந்துபோய்
விரல் பதிந்த குழி மட்டும் இருக்கிறது.

ஒவ்வொரு வருசமும் புதுசு வருகிறதாம்.
புல் தனித்தனியாக அசையுமாம்,
வேர்வை கன்னத்தில் இறங்குமாம்.
"நாப்பது ஜீபி. டேட்டாவுக்கு ஆர் காசு குடுக்கிறது?"
அது மட்டும் காரணமில்லை.
இந்தப் பழசில் எங்கள் கோலி
மழையில்தான் பந்தை நழுவவிடுவான்,
வெயிலில் ஒருநாளும் இல்லை.
இடப்பக்கம் ஓடுகிறவன் எழுபதாவது நிமிசத்தில்
இடுப்பில் கைவைத்து நிற்பான்.
ஆரோ ஒருத்தர், எங்கேயோ ஓர் ஊரில்,
களைத்த மனிசரை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

வர்ணனை எந்த மொழியோ தெரியாது,
கொப்பி அடித்தவன் மாறி அடித்துவிட்டான்.
சசிரேகா மொழிபெயர்ப்பாள்:
"உந்தத் தடியன் காலமை புட்டுச் சாப்பிடேல்லையாம்."
"நடுவருக்கு மாமி வீட்டில பிரச்சினையாம்."
கோல் விழுந்தால் மட்டும்
அவளும் வாய்விட்டுக் கத்துவாள்.

பகலில் என் வேலை
ஒரு மீற்றர் அகலப் பாதை. முன்னால் சிவப்புத் தடி.
முகக் கண்ணாடிக்குள் என் மூச்சு எனக்கே சுடும்.
முழங்காலில் இருந்து
கருவியை இடமிருந்து வலம், வலமிருந்து இடம்.
அது கத்தினால் குனி. மெல்லக் கிளறு.
ஆணி.
சோடா மூடி.
ரின்மீன் தகரம்.
ஆணி.
நல்ல நாளில் பத்துச் சதுர மீற்றர்.

ஒருநாள் சும்மா கணக்குப் பார்த்தேன்.
பெனால்டிப் பெட்டி, நாற்பதுக்குப் பதினாறரை:
எனக்கு மூன்று மாசம்.
முழு மைதானம், மாரி மழை நாட்களையும் சேர்த்தால்
மூன்று வருசத்துக்கு மேலே.
இரவு எட்டரைக்கு அதே அளவு நிலத்தைப்
பன்னிரண்டு செக்கனில் கடக்கிறேன்.
இருபத்திரண்டு பேரில் ஒருவனும்
கீழே பார்ப்பதில்லை.

இதைச் சொன்னபோது மதுரகன்
ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.
பிறகு சொன்னான்:
"உன்ர ஆள் ஓஃப்சைட்."

காயப்பட்டவன் தலைக்கு மேலே சிவப்புச் சிலுவை வரும்.
மூன்று ஆட்டம் இல்லை என்று எழுதும்.
நாலாவதில் வந்து நிற்பான், அதே இரண்டு காலோடு.
சசிரேகாவின் தம்பி எழில்நிலவன் அதற்குச் சிரிப்பான்.
சனிக்கிழமைகளில் வருவான்;
பொய்க்காலைக் கழற்றிக் கதவோரம் சாத்திவிட்டு
எங்கள் எல்லாரையும் தோற்கடிப்பான்.
கோணர் அடிக்க மட்டும்
வேறு ஆரையும் விடமாட்டான்.

ஐப்பசியில் பள்ளிக்கூட மைதானம் ஒன்று கையளித்தோம்.
கதிரைகள், மாலைகள், நீண்ட பேச்சுகள்.
பேச்சு முடியமுதலே பெடியள் பந்தை இறக்கினார்கள்.
அது உருண்டு என் சப்பாத்தில் வந்து முட்டியது.
"அக்கா, அடியுங்கோ!"
நான் முதலில் நிலத்தைப் பார்த்தேன்.
நானே முழங்காலால் நடந்த நிலம். மனப்பாடம்.
இதில் ஆணி, இதில் மூடி,
அந்தக் கோல் கம்பத்துக்குக் கிட்ட
மூன்று, அருகருகே.
"அக்கா!"
அடித்தேன். கோணலாய்ப் போய்
அதிபரின் கதிரைக்குக் கீழே புகுந்தது.

இன்றைக்கு மழை.
திரைக்குள்ளும் மழையைத்தான் தெரிவுசெய்தோம்.
எண்பத்தெட்டாவது நிமிசம், ஒன்றுக்கு ஒன்று,
மதுரகனின் கோலியை நோக்கி
நான் அடித்த பந்து காற்றில் நிற்கக்
கரண்ட் போய்விட்டது.

இருட்டில் தகரம் இரைகிறது.
ஒருவரும் எழும்பவில்லை.
"அது கோல்தான்," என்கிறாள் சசிரேகா.
"இல்லை, பிடிச்சிட்டான்."
"மழையடா.
அவன் விடுவான்."