வரம்புக்குக் கீழே

மணலி கிடங்கிலிருந்து தணிகாசலம்
பைக் டேங்க்கின் மேல் வைத்து எடுத்துவந்த
இரண்டு பைகள்.
ஒன்றில் சிவப்பரிசி, இரண்டு கிலோ.
மற்றதில் துத்தநாகத் தாதுப் பொடி,
நனைந்த சிமெண்டின் நிறம்.
இரண்டுக்கும் அரக்கு முத்திரை.
இரண்டுக்கும் ஒரே நாடு.

கடல் இல்லாத நாடு.
கொல்கத்தாவில் நெரிசலாம்,
அதனால் மலை ரயிலேறி
நம் கடலைத் தேடி வந்திருக்கிறது.
எண்ணூர் நெடுஞ்சாலையில் நாலு நாள் வரிசை.
கன்டெய்னர் நிழலில் டிரைவர்கள்
ரசம் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.
அடுத்து ஹாம்பர்க் போகவேண்டும்,
நான் கையெழுத்துப் போட்டால்.

அம்பத்தூர் எஸ்டேட்டில்
கீழே பிஸ்கட் கம்பெனி, மாடியில் எங்கள் ஆய்வகம்.
வெண்ணெய் வாசனைக்கு நடுவே
இருநூற்றுப் பன்னிரண்டு பூச்சிமருந்துகளை
அரிசிக்குள் தேடினேன்.
ஒன்றும் இல்லை.
ஆனால் 'இல்லை' என்று எழுதக்கூடாது,
'கண்டறியப்படவில்லை' என்றுதான் எழுதவேண்டும்.
கடவுள் விஷயத்திலும் அதுதான் சரியான வாக்கியம்
என்பார் பக்கத்து மேசை ஜெபமணி,
ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

அடுத்தது உலோகங்கள்.
அரிசியை மாவாக்கி, அமிலத்தில் கரைத்து,
சூரியனின் தோலைவிடச் சூடான ஒரு சுடருக்குள்
மூடுபனிபோலத் தெளித்தேன்.
திரையில்
நூற்றுப் பதினொன்று என்ற எண்ணின் மேல்
சின்னதாக ஒரு மேடு எழுந்தது.
காட்மியம்.
பூஜ்யம் புள்ளி ஒன்று மூன்று.
அனுமதி, பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்து.
இயந்திரத்தைக் கழுவி மறுபடி ஓட்டினேன்.
அதே மேடு.

பிறகு தாது.
அதே எண்ணில் எழுந்தது
திரைக்கு வெளியே போய்விட்டது.
நூறு மடங்கு நீர்த்துத்தான்
அதன் உச்சியைப் பார்க்க முடிந்தது.
வாங்குகிறவன் அதற்கு விலையில் கழிப்பான், அவ்வளவே.

காகிதங்களை அருகருகே வைத்தேன்.
அரிசியில் ஊர் 'சோங்மா'.
தாதுவில் 'சுங்மா'.
ஆற்றின் பெயரில் மட்டும் எழுத்துப் பிழை இல்லை.
ஆறு எந்த மலையிலும்
மேலிருந்துதான் கீழே வரும்.

மாலையில் உக்யென் அழைத்தார்,
அரிசிக் கூட்டுறவின் செயலாளர்.
அவருடைய இந்தியும் என்னுடையதும்
ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நடந்தன.
பாஸா?
பாஸ்.
எழுபத்திரண்டு வீடு என்றார்,
வீட்டுக்கு நாலு மூட்டை என்றார்,
யாரிடமோ திரும்பிக் கத்தினார், யாரோ சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.
மேலே எவ்வளவு தூரத்தில் தோண்டுகிறார்கள்?
கேட்பதற்குள் அவரே கேட்டார்,
'அந்தக் கல்பொடி என்ன ஆச்சு?
அதுவும் எங்கள் ஊர்தான், மேடம்.
என் தம்பியின் லாரி.
அந்த லாரிக் காசில்தான்
ஆர்கானிக் சான்றிதழுக்குப் பணம் கட்டினோம்.'

படிவத்தில் இரண்டே கட்டங்கள்,
வரம்புக்கு மேல், வரம்புக்குக் கீழ்.
வயலின் கரைக்கும் தமிழில் வரம்பு என்றுதான் பெயர்.
நீரை நிறுத்திவைப்பது.
இங்கே நீர்
ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருந்தது.
கீழ் என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
அது பொய்யில்லை.

கால் கிலோவை அலமாரியில் பூட்டினேன்,
ஆறு மாதம் இருக்கவேண்டும் என்பது விதி.
மீதியைத் தணிகாசலம் கேட்டார்.
மகளுக்கு ரத்தசோகை,
சிவப்பரிசி நல்லது என்று யாரோ சொன்னார்களாம்.
'இது சுத்தமானதுதானே மேடம்?'

'வரம்புக்குக் கீழே இருக்கு.'

'அப்படின்னா?'

பிஸ்கட் கம்பெனியில் ஷிஃப்ட் மணி அடித்தது.
பையின் வாயைக் கட்டாமல்
கையில் பிடித்தபடியே நின்றார்.