நான்காம் மாடி, இடப்பக்கச் சுவர்

லூப்லினில் பிப்ரவரி.
மூன்று நாளாய் என்னிடம் குரல் இல்லை.
ரயில் நிலையத்தில் மட்டும்
என்றோ பதிந்து வைத்த என் குரல்
வார்சா வண்டி பதினைந்து நிமிடம் தாமதமென்று
பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்.
இங்கே
எச்சில் விழுங்கவே
கண்ணை மூடி, ஒன்று இரண்டு எண்ணித்
துணிய வேண்டியிருக்கிறது.

வெதுவெதுப்பாய் நீர், அரைக் கரண்டி உப்பு.
அண்ணாந்து
கூரையின் ஈரக் கறையைப் பார்த்தபடி
கொப்பளித்தேன்.
துப்பி நிமிர்ந்தேன்.
சத்தம் நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்
குரெக்.

நானும் குரெக்கும் பேசி ஆறு வருடம்.
அவர் சைக்கிள் என் வாசலை அடைத்து நின்றதற்காகப்
படிக்கட்டில் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினோமே,
அதுதான் கடைசி.
(நல்ல குரல் அவருக்கு. அதையும் சொல்லிவிட வேண்டும்.)
இப்போதும் அவர் கொப்பளிப்பு
என்னுடையதைவிட ஒரு கட்டை தாழ்வு.

இன்னொரு வாய் நீர்.
நான் நிறுத்தினால் அவர்,
அவர் நிறுத்தினால் நான்.
இரண்டு தவளைகள், நடுவே ஒரு செங்கல் கனம்.
சிரிப்பு முட்டி
உப்புநீர் மூக்கிலேறி
கண்ணெல்லாம் எரிந்தது.

காலையில் கதவுப் பிடியில் ஒரு துணிப்பை.
உள்ளே பழைய ஊறுகாய்ப் புட்டி:
வெங்காயத்தை வட்டமாய் அரிந்து
சர்க்கரை தூவி, அடுக்கி
இரவெல்லாம் விட்டதில் சுரந்த பாகு.
மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க நாற்றம்.
மூடியின் மேல் பென்சிலில்: மூன்று வேளை.
வணக்கம் இல்லை. பெயர் இல்லை.

ஒரு கரண்டி.
தொண்டையில் இருந்த முள்
இனிப்பில் வழுக்கிக் கொஞ்சம் கீழிறங்கியது.

சும்மா பையைத் திருப்பித் தர மனம் வரவில்லை.
காய்ந்த லிண்டன் பூ ஒரு கைப்பிடி,
போன கோடையின் ராஸ்பெரிச் சாறு பாதி புட்டி.
எடுத்துக்கொண்டு வெளியே வந்தால்
அதே சைக்கிள், அதே இடத்தில்.
தள்ளவில்லை.
வயிற்றை எக்கிச் சுற்றிப் போய்
அவர் கதவில் மாட்டிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள், பல் துலக்கும்போது
"வார்சா" என்று சொல்லிப் பார்த்தேன்.
வந்துவிட்டது.
கொஞ்சம் துருவோடு, ஆனாலும் என்னுடையது.
நாளை வேலைக்குப் போகலாம்.

இரவு பத்து மணி.
வலியே இல்லை.
இருந்தும் கெட்டிலைத் தட்டிவிட்டு
உப்பு டப்பாவைத் தேடினேன்.
ஒரு முறை கொப்பளித்தாயிற்று.
அந்தப் பக்கம் குழாய் திறக்கிற சத்தம்,
மூடுகிற சத்தம்.

அண்ணாந்தபடி,
வாய் நிறைய நீரோடு
நிற்கிறேன்.