தனிக் கதவு, தனி மின்மானி

விளம்பரத்தில் ஏழாவது வரியில் இருக்கிறேன்.
"பின்புறம் தனி அனெக்ஸ்.
தனிக் கதவு, தனி மின்மானி.
வாடகை வருமானம் உண்டு."
அந்த வருமானம் நான்தான்.

சாம்பல்தீவு. பிரதான வீதியிலிருந்து நானூறு மீற்றர்.
முகப்பில் சீமெந்தில் 1938.
மூன்றின் மேல்வளைவு உடைந்து
தூரத்துக்கு அது வேறேதோ எழுத்து.

திறப்பு என்னிடம்.
கனடாவில் நடுச்சாமம் விழித்திருந்து
யோகானந்தம் அண்ணர் குரல் அனுப்புவார்:
"பிள்ளை, இண்டைக்கு ஒரு பார்ட்டி வருகினம்,
ஒருக்கா திறந்து காட்டும்."
இரவு டியூட்டி முடிந்து
ஆஸ்பத்திரி மணம் போகாத கையால்
திறந்து காட்டுகிறேன்.

இது முதிரைக் கதவு.
இதில் தெரிவது முகாம் இருந்த காலத்து இலக்கம், பதினாலு.
மூன்று தரம் பெயின்ற் அடித்தாயிற்று,
மாரி பிடித்தால் மேலே வந்துவிடும்.
இவை கள்ளிக்கோட்டை ஓடுகள்.
அந்த மூலையில் நாற்பத்திரண்டு மட்டும் புதிது.
(ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.
நானும் எண்ணியதோடு சரி.)

கிணறு ஆனி வரைக்கும் நல்ல தண்ணீர்,
ஆவணியில் கொஞ்சம் உவர்க்கும்.
இதைச் சொல்லவேண்டாம் என்றிருந்தார் அண்ணர்.
சொன்னேன். ஒவ்வொரு பார்ட்டிக்கும் சொன்னேன்.
நேர்மை என்றுதான் நினைத்திருந்தேன்,
நாலாவது கார் ஒழுங்கையில் திரும்பிப் போனபோது
எனக்குள் ஏதோ சந்தோஷப்படும் வரைக்கும்.

வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் பின்புறம் வருவார்கள்.
கொழும்புத் தம்பதி என் கட்டிலை அளந்தார்கள்.
லண்டன்காரர் குளியலறைக் குழாயைத் திருகிவிட்டு
மூட மறந்து போனார்.
"இதை இடிச்சா கார் ரெண்டு நிக்கும்" என்றாள் ஒருத்தி,
என் தலையணைக்கு மேலாகக் கையை நீட்டி.
பண்டாரவளைப் பக்கம் லயத்தில் பிறந்தவள் நான்.
என் பெயருக்கு ஒரு கரண்ட் பில் வருவது
சின்ன விஷயமில்லை.

ஆவணி நடுவில் மூதூரிலிருந்து நஸார்தீன் வந்தார்,
இரும்புக் கடைக்காரர், தனியாக, மோட்டார் சைக்கிளில்.
கிணற்றுக் கதையை முழுக்கக் கேட்டார்.
வாளியில் அள்ளிக் குடித்தார்.
"எங்கட கிணத்துக்கு இது தேன்" என்றார்.
அவ்வளவுதான் என் ஆயுதம்.

பிறகு பின்புறம் வந்தார்.
கதவு திறந்தேதான் கிடந்தது,
நானும் பக்கத்தில்தான் நின்றேன்.
இருந்தாலும் நிலையில் இரண்டு தரம் தட்டினார்.
"உள்ள வரலாமா?"

ஐந்து மாதமாக இன்னொருவர் வீட்டைச் சொல்லிப் பழகிய வாய்க்கு
என் அறையைச் சொல்ல ஒன்றும் வரவில்லை.
மேசை. மின்விசிறி. காயப்போட்ட வெள்ளைச் சீருடை.
செருப்பை வெளியில் விட்டுவிட்டு
சுவரோரம் நின்று கூரையைப் பார்த்தார்.
"இஞ்ச என்ன குறை, தங்கச்சி?"

ஒரு குறையும் இல்லை என்றேன்.

மார்கழியில் கட்டிலின் கால்மாட்டில் ஒழுகும்.
ஒரு சட்டி வைத்தால் விடியும்வரை போதும்.
அதை மட்டும்
சொல்லவில்லை.