பதிவேட்டில் பதின்மூன்று

காவேரிப்பட்டணத்துக்கு வெளியே
மாங்கூழ் ஆலையின் மூன்றாம் கிடங்கு.
பதினோரு வருடமாக இங்கே
நான்தான் எலிகளுக்குப் பகை.
ராத்திரிக்கு முப்பது பசை அட்டை.
விடிந்ததும் எண்ணிக்கை, பதிவேட்டில் கையெழுத்து:
பி. திம்மராயன்.

வவ்வால் எண்ண வந்தவள் தில்ஷாத்.
கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி.
நம் காதுக்கு எட்டாத உயரத்தில் போகிற சத்தத்தை
இழுத்துக் கீழே இறக்கித் தருமாம்.
தோத்தாபுரி மரங்களுக்கு மேலே காட்டினாள்.
சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி
படபடவென்று வவ்வால்.
அதற்குள் மழை. கிடங்குக்குள் ஓடினோம்.
பெட்டியை அணைக்க மறந்திருந்தாள்.

சாக்கு அடுக்கின் பக்கம் திரும்பியதும்
அது வேறு பேச்சுப் பேசியது.
படபடப்பு இல்லை.
குழைந்து, ஏறி, வழுக்கி விழுந்து,
ஈரத்துணியால் கண்ணாடி துடைக்கிற கீச்சு,
அது முடியுமுன் அதன்மேல் இன்னொன்று.

"வவ்வால் இல்லண்ணா, எலிக்குட்டிங்க.
கட்டிப் புரண்டு விளையாடறப்ப இப்படித்தான்.
கிச்சுகிச்சு மூட்டினாலும் வருமாம்.
சிரிப்புன்னு சொல்றாங்க.
நான் இன்னும் சொல்லமாட்டேன்."

பதினோரு வருடம்
இந்த இடத்தை நிசப்தம் என்று நினைத்து
பீடி பிடித்திருக்கிறேன்.

மழை விட்டது, அவள் போனாள்.
முப்பது அட்டையும் வைத்தேன்.
திங்கட்கிழமை தணிக்கை,
சிரிப்புக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

விடியலில் பதினான்கு.
கடைசி ஒன்றுக்கு உயிர் இருந்தது,
என் கட்டைவிரல் நீளம்.
கடலை எண்ணெய் விட்டு
ஒவ்வொரு காலாகப் பிரித்தெடுத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
சூப்பர்வைசர் இந்தப் பக்கம் இல்லை என்று பார்த்துக்கொண்டு
அதன் அக்குளில் சுண்டுவிரலால்
லேசாக, ரொம்ப லேசாக...

கடித்துவிட்டது.

சுகாதார நிலையத்தில்
ஊசியைச் சுண்டியபடி நர்ஸ் கேட்டார்:
"தூங்கறப்பவா? வேலையிலயா?"
"விளையாட்டுல" என்றேன்.
முதலில் அவர். பிறகு
கைக்குழந்தையோடு ஒருத்தி, காலில் கட்டோடு ஒருவர்,
வரிசை மொத்தமும் குலுங்கியது.
நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்,
அவர்கள் சத்தத்துக்கு மேலே
இன்னும் எதாவது ஓடுகிறதா என்று.

பதிவேட்டில் அன்று பதின்மூன்று.
கையெழுத்து கொஞ்சம் கோணல்.
சுண்டுவிரல் கட்டில் எண்ணெய் வாசனை.