பொன்னையின் வாய்

வேனுக்கு ஏழாயிரம் கேட்டான்.
டீசல் தனி, டிரைவர் படி தனி.
சீட்டு இந்த மாதமும் எனக்கு விழவில்லை.
பாலாறு கடலில் சேரும் இடம்,
கூட்டம் இருக்காது, அலை அடிக்காது,
பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நிற்கலாம் என்று
ஆறு மாதமாகச் சொல்லிவைத்திருந்த வில்வநாதன்
ஞாயிறு காலை பல் விளக்கிக்கொண்டே சொன்னான்:
"முகத்துவாரம்தானே வேணும்? திருவலத்துலயே கீதே.
பொன்னை எங்க போய் வாயைத் தொறக்குது?
பாலாத்துலதானே?"

நான் பதில் சொல்லவில்லை.
முள்ளுக் கத்திரிக்காயை நாலாகப் பிளந்துகொண்டிருந்தேன்.

ஒரு எக்செல்லில் நாலு பேர்,
தயிர்சோற்றுத் தூக்கு, கொய்யாப்பழம்,
காகிதத்தில் மடித்த உப்பும் மிளகாய்த்தூளும்.
ரயில் பாலம் தாண்டி, லாரித் தடம் பிடித்து,
கருவேல முள்ளுக்கு டயர் தப்பி
வந்து சேர்ந்தால்
மார்கழித் தண்ணீர். கணுக்கால் அளவு.
பொன்னை செம்மண் கலங்கலாக வந்தது,
பாலாறு கண்ணாடியாக.
பத்தடி தூரம் ஒட்டாமல் ஓடின,
முதல் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்த
சம்பந்தி வீட்டார் மாதிரி.
அப்புறம் எது யாரென்று தெரியவில்லை.

முள்ளில் ஒரு தோல் துண்டு மாட்டியிருந்தது.
நான் தினம் முந்நூறு ஜோடி தைக்கும் அதே பழுப்பு.
பிள்ளைகள் பார்க்குமுன்
மணலில் மிதித்துப் புதைத்தேன்.

பரிதி ஒரு கை அள்ளிக் குடித்தான்.
"கரிக்கவேல்ல. இது கடல் இல்ல."
வில்வநாதன் தூரத்துக் கொக்கைப் பார்த்தான்.
தனு எதுவும் பேசாமல் முழங்கை ஆழம் தோண்டினாள்.
ஊற்று சுரந்தது.
காகித மடிப்பைப் பிரித்தாள்,
மிளகாய்த்தூளை ஊதித் தள்ளினாள்,
உப்பு முழுவதையும் குழியில் கொட்டினாள்.
நான் கத்துவதற்குள் முடிந்துவிட்டது.

அப்போதுதான் அவர்களைப் பார்த்தேன்.
ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளிகள்,
ஆட்டோவைத் திருப்பி அனுப்பாமல் நிறுத்திவைத்திருந்தார்கள்.
அந்த அம்மாவுக்கு மொட்டைத்தலை, மேலே கம்பளித் தொப்பி.
மடியில் பச்சை ஃபைல், ஆற்றங்கரையிலும்.
அவள் செருப்பைக் கழற்றி
ஒரு காலைக் கலங்கலிலும் ஒரு காலைத் தெளிவிலும் வைத்து
கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் புருஷன் எங்கள் பக்கம் வந்து குந்தினார்.
எங்களுக்கு இந்தி வராது. அவருக்கும் சரியாக வராது.
சுள்ளியால் மணலில் ஒரு ஆறு கீறினார்.
அது இரண்டாயிற்று, ஐந்தாயிற்று,
எண்ண முடியாத விரல்களாயிற்று.
விரல்களின் நுனியில் கோணலாய் ஒரு நீளக்கோடு.
ஒரு விரலோரம் கொஞ்சம் மணல் குவித்து
நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். வீடு.
பிறகு வாயால் காற்று மாதிரி ஓசை எழுப்பி
உள்ளங்கையால் அதை வழித்துவிட்டார்.
சிரித்தார். மறுபடி குவித்தார்,
இந்த முறை கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

தனு தன் குழியைக் காட்டினாள்.
அவர் விரல் தோய்த்து நாக்கில் வைத்தார்.
நெடுநேரம் வைத்திருந்தார்.
"ஷொமுத்ரோ" என்றார்.

"சமுத்திரம்! சமுத்திரம்னு சொல்றாரு!"
பரிதி குதித்ததில் கரை இடிந்து
குழியில் பாதி தூர்ந்தது.
அந்த அம்மா கண்ணைத் திறந்தாள்.

கொய்யாவை உப்பில்லாமல் தின்றோம், ஆறு பேரும்.
பாலத்தில் ரயில் ஒன்று சென்னைக்குப் போயிற்று.
இந்தத் தண்ணீர் அங்கேயெல்லாம் போகாது,
அணைக்கட்டில் திரும்பி
காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போய்விடும் என்று
வில்வநாதன் சொன்னான், யாரும் கேட்காமலே.
"நெல்லுக்குத்தானே" என்றேன்.
இன்று அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

வண்டியைக் கிளப்பிய பிறகு
பரிதி இறங்கி ஓடினான்.
குழியில் ஊற்று இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.
குனிந்து ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு
அங்கிருந்தே கத்தினான்:
"இன்னும் கொஞ்சம் கரிக்குதும்மா!"