ஒரு மணி எடை

பகலில் நான் நிறுப்பது லாரிகளை.
ஹாவ்ரேக்கு மேற்கே, ரயில் பாதையோரம்,
கோதுமைக் கிடங்கின் எடைமேடை என் பொறுப்பு.
பாரத்தோடு ஒரு எடை, கொட்டிய பின் ஒரு எடை.
கழித்தால் வருவது ஒருவருடைய வருஷம்.

இரவில் நிறுக்கப்போவது ஒரே ஒரு மணியை.
வெடிமருந்துக்கு அளவு கிரெய்ன்;
ஏதோ காலத்தில் ஒரு தானியமணியின் எடையாம்.
டெல்மார் கடையில் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டேன்.
பதினெட்டுச் சக்கரத்தில் எனக்கு வந்துசேர்வதும்
அதுதானே, கொஞ்சம் அதிகமாக.

காப்பி டப்பாவில் ஆறு பருவத்துக் காலிக் கூடுகள்,
பித்தளை. உலுக்கினால் சில்லறைச் சத்தம்.
இன்றைக்குத் தோட்டாப் பெட்டி விற்கிற விலைக்கு
சில்லறை என்றே வைத்துக்கொள்ளலாம்.
நெம்புகோல் அச்சு வாங்கியாயிற்று.
தராசு வாங்கியாயிற்று.
புத்தகம்தான் பாக்கி.

ஓர்வில் டுவெய்ட் செத்த வசந்தத்தில்
அவர் வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தன.
பனிக்கட்டியில் துளைபோடும் திருகுக்கும்
ஜோடி இல்லாத பூட்ஸுக்கும் நடுவில்
பழைய கையேடு ஒன்று, இரண்டு டாலர்.
முதுகு பிரிந்திருந்தது. எடுத்ததும்
என் துப்பாக்கியின் பக்கத்திலேயே விரிந்துகொண்டது.
ஓரமெல்லாம் பென்சில்.
அச்சிட்ட உச்ச அளவின் கீழே ஒரு கோடு,
பக்கத்தில் 'இன்னும் தாங்கும்'.
அதற்குக் கீழே, வேறு தேதியில்,
'இன்னும்'.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.
பத்தொன்பது அறுவடை பார்த்திருக்கிறேன்.
இவ்வளவு இருக்கும் என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு வருவார்;
என் மேடை ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை.
"உன் மேடைக்கு வயசாகிவிட்டது, ஆர்டிஸ்" என்பார்,
நாற்பது புஷல் கூட்டி எழுதிய மனிதர்.

கடைசிக் குறிப்பு ஓர் அக்டோபர் ஒன்பது.
எண் இல்லை, தேதி மட்டும்.
அதன் பிறகு ஓரம் வெள்ளை.
அந்த வாரம்தான்
முழங்கை வரை கட்டோடு மேடைக்கு வந்தார்.
டிராக்டர், என்றார்.
நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்
பதினொரு வருஷம்.

சனிக்கிழமை டெல்மாரிடம் போனேன்.
கண்ணாடி அலமாரியில் நாலைந்து, கெட்டி அட்டை.
குண்டு வார்க்கிறவர்கள் போட்டது,
மருந்து செய்கிறவர்கள் போட்டது,
மலையாட்டுப் படம் நிறைய, எண்கள் கொஞ்சம் என்று ஒன்று.
எந்த வருஷத்து அச்சு?
எந்தக் குழலில் சுட்டுப் பார்த்தார்கள்?
உச்சம் மட்டுமா, ஆரம்பமும் உண்டா?
கேட்கக் கேட்க டெல்மார் மூக்கைச் சொறிந்தார்.
"ஒன்று வாங்கினால் நம்பிவிடுவாய்,
இரண்டு வாங்கினால் யோசிப்பாய்."
விற்கிறவர் பேச்சு.
ஆனாலும் இரண்டு வாங்கினேன்.

சமையலறையில் பக்கம் பக்கமாய் விரித்துவைத்தால்
அதே மருந்து, அதே குண்டு,
வேறு வேறு எண்.
கிடங்கில் இப்படி இரண்டு பேரேடு கிடைத்தால்
திங்கட்கிழமை ஒருவருக்கு வேலை இருக்காது.
இங்கே இரண்டும் நிஜம்.
அவர்கள் குழல், அவர்கள் வெயில், அவர்கள் சொன்னது.
இவர்கள் குழலில் இவர்கள் கண்டது.
என் குழலை இருவருமே பார்த்ததில்லை.

குறைந்த எண்ணுள்ள புத்தகத்தை மேலே வைத்தேன்.
அதிலும் கீழ்வரி.
பொறுமை என்று இதற்குப் பேர் வைக்க விருப்பமில்லை.
பயம்தான்; எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

போன வாரம் தபால் நிலையத்தில் வெர்னா டுவெய்ட்,
கையில் விதை அட்டவணை, காதில் கேட்பான்.
"ஓர்வில் புத்தகம் உபயோகமாய் இருக்கிறதா?"
இருக்கிறது என்றேன். இன்னொரு முறை, உரக்க.
பொய்யில்லை.
என் மேசைக்கு ஒரு கால் குட்டை,
தராசு சாயாமல் நிற்க
சரியாக அந்தக் கனம் தேவைப்பட்டது.