பெட்டியோடு ஒரு குறிப்பு

பெர்னிஸ்,
இந்த வருஷமும் செருப்புப் பெட்டிதான்.
கோப்பு வாங்குகிறேன் என்று சொன்னேனே, வாங்கினேன்.
ரசீது உள்ளே இருக்கிறது, பதினோரு டாலர் நாற்பது.
அலுவலகச் செலவில் சேர்த்துக்கொள்.
வாங்கிய கோப்புதான் காணோம்.

மேலாக இருப்பவை வெற்றுத்தாள் என்று எறிந்துவிடாதே.
வேனின் முன்கண்ணாடிக்கடியில் கிடந்து
எழுத்து வெளுத்த ரசீதுகள்.
விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால்
ஓர் எட்டு தெரியும். பக்கத்தில் இன்னோர் எட்டு, அல்லது மூன்று.
டைல்ஸ் வெட்டும் வைரத் தகடு என்கிறது என் கை.
கை சொல்வதை வரி அலுவலகம் சாட்சியாக எடுக்குமா,
கேட்டுச் சொல்.

ஒட்டுக்கலவை நூற்றுப் பன்னிரண்டு மூட்டை.
எல்லாம் சரி, ஒன்றைத் தவிர.
அது என் அடுப்புக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது.
மூன்று வருஷம் வெறும் சிமெண்ட் பலகையைப் பார்த்துச் சமைத்தவள்
ஒரு மூட்டை எடுத்துக்கொண்டாள்.
கழித்துவிடு.

வாடிக்கையாளரோடு குடித்த காப்பியில்
பாதிதான் செலவு என்கிறாய்.
எந்தப் பாதி? சூடான மேல்பாதியா,
விலை பேசிப் பேசி ஆறிய அடிப்பாதியா?

முழங்கால் உறை செலவாம்,
முழங்கால் வலிக்கு மாத்திரை செலவில்லையாம்.
இந்தச் சட்டத்தை எழுதியவர்
நின்றுகொண்டே வேலை பார்த்தவராக இருக்கும்.

விலைப்பட்டியல் நாற்பத்தொன்று.
டியர் லேக், லார்ன் பிரேக் வீட்டுக் குளியலறை.
இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது.
அதற்கான விற்பனை வரி நானூற்று இருபத்தொன்பதை
என் பையிலிருந்து கட்டியாகிவிட்டது.
நண்டு சீசன் முடியட்டும் என்றான். முடிந்தது.
கடையில் என்னைக் கண்டால்
பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னே குனிகிறான்,
ஆறடி இரண்டங்குலம் உள்ள மனுஷன்.
வாராக்கடன் என்று எழுதச் சொன்னாய். எழுதினேன்.
மறுநாள் காலை வாசலில் மூஸ் மான் கறி,
பதினைந்து கிலோ, பழைய செய்தித்தாளில் சுற்றி.
சீட்டு ஏதும் இல்லை.
வாராக்கடனை அடித்துவிட்டேன்.
பதிலுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல்
அந்த வரியைத் திறந்தே விட்டிருக்கிறேன்.

இனி கிலோமீட்டர் நோட்டு.
ஸ்டீஃபன்வில் பள்ளிக் கழிப்பறை வேலைக்குப்
போக எண்பது, வர எண்பது.
வேலை மார்ச் எட்டாம் தேதியே முடிந்துவிட்டது.
நோட்டு இருபத்தொன்று வரை ஓடுகிறது.
நீ கண்டுபிடித்துவிடுவாய், அதற்குத்தானே உனக்குப் பணம்.
அந்தப் பதின்மூன்று நாளையும் சொந்தம் என்று போடு.
சொந்தம்தான். ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, அக்கா க்ளெண்டா.
எட்டுக்கு முந்திய நாட்களிலும்
சாந்துக் கரண்டியைக் கழுவிவிட்டு நேரே அங்கேதான் போனேன்.
நாளுக்கு மூன்று கிலோமீட்டர் அதற்காகக் கழி.

பக்கத்தின் அடியில் பென்சிலில் இருக்கும் கூட்டல் அவளுடையது.
நோட்டைக் கொடு, சும்மாதானே படுத்திருக்கிறேன் என்றாள்.
பதினேழாம் தேதியில் ஒன்பது தப்பு.
திருத்து. ஆனால் அழிக்காதே,
பக்கத்தில் எழுது.

இருபத்திரண்டிலிருந்து ஒரு வாரம் வேன் நகரவில்லை.
அந்த வாரத்துக்கும் இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறேன்.
அது செலவுதானே?

தொலைபேசியில் எழுபது விழுக்காடு தொழில்,
மீதி சொந்தம் என்று போன வருஷம் போட்டாய்.
ஏப்ரலிலிருந்து என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம்
டைல்ஸ் பற்றித்தான் கேட்கிறார்கள்.
தொண்ணூறு என்று போட்டாலும் பொய்யில்லை.

கெடு முப்பதாம் தேதி, தெரியும்.
பெட்டிக்கு அடியில் உள்ள பையில் கொஞ்சம் கறி,
இன்று இரவே உறைபெட்டியில் வை.
அது உன் கட்டணம் இல்லை.
கட்டணத்துக்குத் தனியாக ரசீது போடு,
வெளுக்காத மையில்.

வெர்னா கில்லம்
கார்னர் புரூக்